எலும்பு முறிந்தால் உண்டு

ஜூன் 9, திங்கள்

புது நோட்டு. முதல் பக்கத்தில் விவரம் எழுதிவிட்டுத் தொடங்குவது என் பழக்கம். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்த முப்பத்து நான்கு வருடமும் அப்படித்தான் செய்தேன்.

நோயாளி: அடைக்கலமேரி, வயது 64. நோய்: மறதி. டாக்டர் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. பார்த்துக்கொள்பவர்: கணவர் சூசைமாணிக்கம், வயது 68. இடம்: திண்டுக்கல், சொந்த வீடு. மாடியில் மும்தாஜ் என்கிற தையல்காரப் பெண் வாடகைக்கு இருக்கிறாள். ஒரே மகள் ஜெசிந்தா, திருச்சியில்.

அவளைக் கவனிக்க வேலைக்கு வைத்திருந்த பாண்டியம்மாள் இன்று காலையோடு நின்றுவிட்டாள். குளிப்பாட்டும்போது அடைக்கலமேரி அவளுடைய முன்கையைக் கடித்துவிட்டாள். வெறுமனே பல் பட்டது என்று சொல்லிவிட முடியாது. சதை பிய்ந்து தொங்கியது. நான் ஓடிப்போய்த் தாடையின் இரண்டு பக்கமும் விரலால் அழுத்தித்தான் வாயைத் திறக்கவைத்தேன். குளியலறைத் தரை முழுக்கச் சோப்பு நுரையும் ரத்தமும்.

பாண்டியம்மாள் அழவில்லை. ஈரச் சேலையோடு கூடத்தில் நின்று கையில் துண்டைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அம்மா மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்ல சார். ஆனா இந்தக் கைய வச்சுத்தான் நான் சோறு திங்கணும்."

ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிப் பணம் கொடுத்து ஆட்டோ ஏற்றிவிட்டேன். ஆறு மாதத்தில் போகிற மூன்றாவது ஆள். குளியலறையை நானே கழுவினேன்.

ஜூன் 10, செவ்வாய்

கால அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். ஐந்தரைக்கு எழுப்புதல். ஆறுக்குக் கழிப்பறை. ஆறரைக்குக் காபி. ஏழரைக்குக் குளியல். ஒரே நேரம், ஒரே ஒழுங்கு என்று இருந்தால் யாரானாலும் பழகிக்கொள்வார்கள். ஒரு விசிலில் நானூறு பையன்களை அசையாமல் நிறுத்தியவன் நான். ஒருத்தியைச் சமாளிக்க முடியாதா?

ஜூன் 13, வெள்ளி

காபி டம்ளரை எறிந்தாள். இடது புருவத்தில் பட்டு இரண்டு தையல். அரசு ஆஸ்பத்திரியில் கதவில் இடித்துக்கொண்டேன் என்று சொன்னேன். அவள் வேண்டுமென்று செய்யவில்லை. காபி சூடாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் எறிந்தாள். அவ்வளவுதான்.

ஜூன் 17, செவ்வாய்

மும்தாஜை இரண்டு மணி நேரம் உட்காரவைத்துவிட்டு, ஓய்வூதியர் காப்பீட்டைப் பற்றி விசாரிக்கக் கருவூல அலுவலகத்துக்குப் போனேன். வேலையில் இருந்த நாளிலிருந்து மாதம் தவறாமல் இதற்குப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். இதுவரை ஒரு மாத்திரைக்குக்கூட நான் கேட்டதில்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்தால், அவள் சம்பளத்தில் பாதியாவது கிடைக்குமா என்று கேட்டேன்.

அங்கிருந்த எழுத்தர் நல்ல பையன்தான். என்னை உட்காரச் சொல்லிப் பட்டியலைத் திருப்பிக் காட்டினான். இதயம், சிறுநீரகம், கண், மூட்டு, எலும்பு என்று பக்கம் பக்கமாகப் போகிறது.

"அட்மிஷன் போட்டா உண்டு சார். ஆபரேஷன்னா உண்டு. எலும்பு முறிஞ்சா உண்டு. பாத்துக்கிறதுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது."

நோயே அதுதானே தம்பி, பார்த்துக்கொள்வதுதானே அதற்கு மருந்து என்று கேட்டேன். அவனுடைய தாத்தாவையும் அம்மா இப்படித்தான் பார்க்கிறாள் என்றான். அதற்கு மேல் என்ன பேசுவது?

வத்தலக்குண்டு சாலையில் கன்னியர் நடத்தும் இல்லம் ஒன்று இருக்கிறது. இந்த நோய்க்காரர்களை மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். போன் செய்து கேட்டேன். மாதக் கட்டணம் என் முழு ஓய்வூதியத்துக்கு மேல் வருகிறது. அவளைச் சேர்த்துவிட்டு நான் எதைச் சாப்பிடுவது? அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். மனைவியைப் பார்த்துக்கொள்ளக் கணவன் போதும்.

ஜூன் 22, ஞாயிறு

இன்று யாரும் யாரையும் அடிக்கவில்லை.

ஜூன் 26, வியாழன்

தலை சீவிவிடலாம் என்று சீப்பை எடுத்தேன். என் கை மேலே போனதும் அவள் இரண்டு முன்கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உடம்பைச் சுருட்டிக்கொண்டு கட்டில் மூலைக்குப் போய்விட்டாள். சீப்புதான், பார் பார் என்று காட்டினேன். விரல் இடுக்கு வழியாகப் பார்த்தாளே தவிரக் கையை எடுக்கவில்லை.

இந்த நோயில் காரணமில்லாத பயங்கள் வரும் என்று டாக்டர் அப்போதே சொல்லியிருக்கிறார்.

என் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆனது தெரியவில்லை. ஜெசிந்தாவைப் பெற்றது தெரியவில்லை. மதியம் அவளுக்குத் தலை சீவாமலே விட்டுவிட்டேன்.

ஜூலை 2, புதன்

பால் வாங்கப் போகும்போது நாற்காலியில் உட்காரவைத்து வேட்டிக் கிழிசலால் கட்டிவிட்டுப் போகிறேன். பத்து நிமிடந்தான். கட்டாமல் போனால் தெருவுக்கு வந்துவிடுகிறாள். போன வாரம் லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

இன்று திரும்பி வந்தபோது நாற்காலியோடு குப்புறக் கிடந்தாள். உதடு கிழிந்து பல்லெல்லாம் ரத்தம். சத்தம் கேட்டு மும்தாஜ் இறங்கி வந்திருந்தாள். அவிழ்த்துக்கொண்டே மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரண்டு கையிலும் பழுப்பும் நீலமுமாக வளையம் விழுந்திருந்தது. கண்ணாடி வளையல் அழுத்தியது என்றேன். அம்மா வளையல் போட்டு நான் பார்த்ததே இல்லையே சார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. இரண்டு மாதமாகவே போகவில்லை.

நான் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது அவள் மலத்தைக் கையில் எடுத்துக் கூடத்துச் சுவர் முழுக்கப் பூசிவிட்டாள். மாதா படத்தின் கண்ணாடியிலும் பூசியிருந்தாள். கழுவ அழைத்துப் போனால் என் கழுத்தைப் பிடித்து நகத்தால் கீறினாள். ஒரு தட்டுத் தட்டினேன். கன்னத்தில். எவ்வளவு வலிக்க வேண்டுமோ அவ்வளவுதான். இத்தனை வருடம் பையன்களைத் திருத்திய கை. அதற்கு அளவு தெரியும்.

அவள் உடனே அடங்கிவிட்டாள். காலை விரித்து நின்று கழுவவிட்டாள். சொன்னபடி திரும்பினாள். சொன்னபடி கையைத் தூக்கினாள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது.

ஜூலை 12, சனி

ஜெசிந்தா வந்தாள். அவளுக்கும் கஷ்டந்தான். மாமியார் பக்கவாதத்தில் ஒரு வருடமாகப் படுக்கை. இரண்டு அறை வீடு. பள்ளி வேலைக்கும் போய்க்கொண்டு அவருக்கும் செய்கிறாள். ஒரு நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஐந்து மணி நேரம் எங்களோடு இருந்தாள்.

அம்மாவை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்துத் தலை பின்னிவிட்டாள். அடைக்கலமேரி அவளை அக்கா என்று கூப்பிட்டாள். மகளிடம் எதையும் எறியவில்லை, கடிக்கவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனபோது மகளின் காதில், "அந்த வாத்தியாரு அடிப்பாரு, சத்தம் போடாத" என்றாள். எனக்குக் கேட்டது.

ஜெசிந்தா பின்னலை முடித்து நாடா கட்டினாள். பிறகு சமையலறைக்கு வந்து குழாயைத் திறந்து கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அப்பா, இப்பவும் அடிக்கிறீங்களா?"

இல்லை என்று சொன்னேன்.

அவள் போய் நாலு மணி நேரம் ஆகிறது. இப்பவும் என்று ஏன் கேட்டாள் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அடிக்கிறீர்களா என்று மட்டும் கேட்டிருக்கலாம்.

ஜூலை 19, சனி

காலை 7.40க்கு அடைக்கலமேரி குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மேல்கை எலும்பு முறிந்துவிட்டது. 108க்குப் போன் செய்தேன். அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பில் முறிவு நேராக இல்லை, சுற்றிக்கொண்டு ஏறுகிறது. "விழுந்து ஒடிஞ்ச மாதிரி தெரியலையே சார். கையைத் திருகுன மாதிரியில்ல இருக்கு?" என்றார். கீழே விழும்போது குழாயைப் பிடித்துத் தொங்கினாள், அதில் திருகியிருக்கும் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஏதோ எழுதினார். பின்னால் நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை பிளேட் வைத்து அறுவை. காப்பீட்டு அட்டையை நீட்டினேன். அவ்வளவுதான், ஒரு பைசா கேட்கவில்லை. பிளேட், ஸ்க்ரூ, மயக்க மருந்து, படுக்கை, பால், ரொட்டி, மூன்று வேளைச் சாப்பாடு, எல்லாம் அதில்.

ஜூலை 24, வியாழன்

பெண்கள் வார்டு. பார்வையாளர் நேரம் தவிர ஆண்களை உள்ளே விடுவதில்லை. பெண் துணை இல்லை என்றதும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், நீங்கள் வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டார் வார்டு சிஸ்டர் கலைவாணி. பக்கத்துப் படுக்கை அம்மாவின் மகளும் ஒத்தாசை செய்கிறாள்.

நேற்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன். எழுந்தபோது எங்கே இருக்கிறேன் என்றே தெரியவில்லை.

இன்று மாலை போனபோது பணியாளர் ஒருத்தி அவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். அடைக்கலமேரி சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். ஐந்து நாளில் ஒருத்தரையும் கடிக்கவில்லையாம். நான் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

ஜூலை 28, திங்கள்

காலையில் பள்ளி மைதானத்தில் நான்கு சுற்று நடந்தேன். கடையில் உட்கார்ந்து பூரி சாப்பிட்டேன். முகத்தை ஒழுங்காகச் சவரம் செய்துகொண்டேன். மூன்று வருடத்தில் இப்படி ஒரு வாரம் எனக்கு வாய்த்ததில்லை.

வாய்த்ததில்லை என்று எழுதியிருக்கிறேன். அந்தச் சொல்லை அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 31, வியாழன்

நாளை அனுப்பிவிடுவார்கள். டாக்டரிடம் இன்னும் பத்து நாள் வைத்துக்கொள்ளும்படி கேட்டேன். என் வாழ்நாளில் யாரிடமும் அப்படிக் கெஞ்சியதில்லை. அவர் கோபப்படவில்லை. என்னை வாசலுக்கு அழைத்துப்போய் இடம் கிடைக்காமல் ஸ்டிரெச்சரிலேயே கிடந்த ஒரு கிழவியைக் காட்டினார். இடுப்பெலும்பு முறிவு, காலையிலிருந்து காத்திருக்கிறாள்.

"உங்க சம்சாரத்துக்கு எலும்பு சரியாயிடுச்சு சார். மத்த வியாதிக்கு இங்க பெட் இல்ல."

இடுப்பெலும்பு என்றால் எத்தனை நாள் வைத்திருப்பீர்கள் என்று கேட்டேன். மூன்று வாரம் ஆகும் என்றார்.

ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வலது கை கழுத்தில் மாட்டிய துணித் தொட்டிலில் தொங்குகிறது. இடது கையால் அடிக்கிறாள். இன்று பித்தளைச் செம்பு என் வாயில் பட்டு முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது. உடைந்த துண்டு நாக்கில் கிடந்தது. துப்பிவிட்டு, அவள் முடியைப் பிடித்துத் தலையைச் சுவரில் ஒரு தடவை மோதினேன். ஒரு தடவைதான். ரத்தம் வரவில்லை.

காபி குடிக்கும்போது பல்லில் சுளீர் என்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மூன்று நாளாக நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். யார் முதலில் கையைத் தூக்குவது என்பது போல.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போனேன். அவளும் பின்னாலேயே ஏறிவந்தாள். இறங்கும்போது அவளை முன்னால் விட்டேன். மாடிப்படி வெளிப்பக்கம்; மும்தாஜ் வாசல் வரை பதினேழு படி, இறங்கும்போது வலப்பக்கம் மட்டும் கைப்பிடி. வலது கை துணித் தொட்டிலில் இருப்பதால் அவளால் கைப்பிடியைப் பிடிக்க முடியவில்லை. மேலிருந்து மூன்றாவது படியில் நின்று கீழே பார்த்தாள். நான் பின்னால் நின்றேன். என் உள்ளங்கை அவள் முதுகில் இருந்தது. அவள் விழாமல் இருப்பதற்காக வைத்த கை.

இடுப்பெலும்பு, மூன்று வாரம். படுக்கை, பால், ரொட்டி, எல்லாம் காப்பீட்டில்.

எவ்வளவு நேரம் அப்படி நின்றோம் என்று தெரியாது. முதுகு எலும்பு ஒவ்வொன்றும் என் விரலுக்குத் தட்டுப்பட்டது. மும்தாஜ் வெளியே குப்பை கொட்ட வந்தாள். படிக்குக் கீழே நின்று எங்களைப் பார்த்தாள். குப்பை வாளியை வைத்துவிட்டு ஏறிவந்து அடைக்கலமேரியின் இடது கையைப் பிடித்துக் கீழே கூட்டிப்போனாள்.

நான் மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13, புதன்

அடைக்கலமேரி குளியலறையில் வழுக்கி விழவில்லை.

ஜூலை 19ஆம் தேதி அவள் ஜாக்கெட்டைக் கழற்றவிடாமல் என் கன்னத்தில் அறைந்தாள். நான் அவள் வலது கையைப் பிடித்து முதுகுப் பக்கமாகத் திருகினேன். முரட்டுப் பையன்களை அடக்க நான் வைத்திருந்த பிடி. எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று என் கைக்குத் தெரியும். அந்த இடம் வந்ததும் தெரிந்தது. அதற்குப் பிறகும் திருகினேன். காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடிக்கிற சத்தம் கேட்டது. அவள் கத்தவில்லை. கத்தாமல் இருப்பதற்கு அவளைப் பல வருடத்துக்கு முன்பே பழக்கியிருந்தேன்.

எழுதத் தொடங்கியாயிற்று. எல்லாவற்றையும் எழுதிவிடுகிறேன்.

முதல் தடவை அடித்தது கல்யாணமான இரண்டாம் வருடம். பள்ளி விளையாட்டு அறைச் சாவியை நான் வீட்டில் கொடுத்து வைத்திருந்தேன். வைத்த இடத்தை மறந்துவிட்டாள். தலைமை ஆசிரியர் முன்னால் பூட்டை உடைக்க வேண்டியதாகிவிட்டது. வீட்டுக்கு வந்து பெல்ட்டைக் கழற்றினேன். அப்போது ஜெசிந்தா அவள் வயிற்றில் ஐந்து மாதம். அதன் பிறகு பால் பொங்கினதற்கு, கடிதத்தைப் பெட்டியில் போட மறந்ததற்கு, மழையில் துணியை எடுக்க மறந்ததற்கு. வயதானதும் குறைந்தது. ஓய்வு பெற்ற பிறகு நின்றே போயிருந்தது. பூசைக்குப் போனோம், நாற்காலி போட்டு வாசலில் உட்கார்ந்தோம், பார்ப்பவர்கள் நல்ல ஜோடி என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அவளுக்கு எல்லாம் மறந்துவிட்டது. அடி மட்டும் மறக்கவில்லை. காரணமில்லாத பயம் என்று இந்த நோட்டில் நான் எழுதியது பொய்.

நேற்று மும்தாஜ் குப்பை கொட்ட வராமல் இருந்திருந்தால் நான் தள்ளியிருப்பேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலையில் அடைக்கலமேரியை மும்தாஜிடம் விட்டுவிட்டு மகளிர் காவல் நிலையத்துக்குப் போனேன். சப் இன்ஸ்பெக்டர் முப்பது வயதுப் பெண். புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு நாற்காலி போடச் சொன்னார். யார் மேல் என்று கேட்டார். என் மேல் என்றேன்.

கையை முறித்தது, சுவரில் மோதியது, மாடிப்படி, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மாறிக்கொண்டே போனது. எழுதிக்கொண்டிருந்த பேனாவை ஒரு கட்டத்தில் மூடி வைத்துவிட்டார். என்னை அறைந்துவிடுவார் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

அவர் யாருக்கோ போன் செய்தார். பிறகு இன்னொருவருக்கு. கொண்டுபோய் விட அரசு இடம் எதுவும் இருக்கிறதா என்றுதான் கேட்டார் என்று புரிந்தது. வீடில்லாதவர்கள் என்றால் ஓர் இடம், யாரும் இல்லாதவர்கள் என்றால் ஓர் இடம். வீடும் கணவனும் ஓய்வூதியமும் இருக்கிறவளுக்கு இடம் இல்லை.

"உங்கள இப்பவே உள்ள வைக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும் சார். வச்சுட்டா அந்தம்மாவுக்கு ராத்திரி சோறு ஊட்டுறது யாரு? சொல்லுங்க."

மகள் வரும்வரை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும், காலையில் கான்ஸ்டபிள் வந்து பார்ப்பாள், அந்தம்மா உடம்பில் ஒரு கீறல் இருந்தாலும் விடமாட்டேன் என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

"அவள என்கூட விடாதீங்கம்மா" என்றேன்.

இரண்டு தடவை சொன்னேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தேன். மதியம் வரை இருந்தேன். அவர் ஜெசிந்தாவுக்குப் போன் செய்தார். மும்தாஜையும் வரவழைத்துப் பேசினார். மகள் வரும்வரை அம்மா மாடியில் இருப்பதென்று ஆயிற்று. நான் என் வீட்டுக் கீழ்த்தளத்தில் இருக்கலாம், படி ஏறக் கூடாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

ஜெசிந்தா மதியம் வந்து நேரே மாடிக்குப் போனாள். மேலே அவர்கள் நடக்கிற சத்தம் கேட்டது. அம்மாவுக்குக் குளியல். தண்ணீர் ஊற்றுகிற சத்தம். அடைக்கலமேரி ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள்.

மூன்று மணிக்கு ஜெசிந்தா இறங்கி வந்து கூடத்தில் உட்கார்ந்தாள். இந்த நோட்டை அவளிடம் கொடுத்தேன். ஜூன் மாதத்திலிருந்து ஒரு பக்கம் விடாமல் படித்தாள். பல் உடைந்த பக்கத்தில் என் வாயைப் பார்த்தாள். நேற்றைக்கு முந்தின நாள் எழுதியதைப் படித்துவிட்டு நோட்டை மூடித் தரையில் வைத்தாள். வைத்தவள் எழுந்து என்னைக் கன்னத்தில் அறைந்தாள். பிறகு இன்னொரு தடவை. கன்னம், காது, தோள் என்று எங்கே படுகிறது என்று பார்க்காமல் இரண்டு கையாலும் அடித்தாள். நான் முகத்தை மூடிக்கொள்ளவில்லை. மூச்சு வாங்கிய பிறகுதான் நிறுத்தினாள். அவள் வளையல் ஒன்று உடைந்து அவள் கையையே கிழித்திருந்தது.

என் மேல் வழக்குப் போடு, நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றேன்.

அவள் கையில் வழிந்த ரத்தத்தைத் துப்பட்டாவில் ஒற்றிக்கொண்டாள். எஸ்.ஐ.யிடம் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள் போலிருக்கிறது. தண்டனை ஆகிவிட்டால் என் ஓய்வூதியத்தை நிறுத்தினாலும் நிறுத்துவார்கள். ஓய்வூதியம் நின்றால் இந்தக் காப்பீடும் இல்லை. அம்மாவை எங்கேயும் சேர்க்க முடியாது. ஜெசிந்தாவின் வீட்டில் ஏற்கெனவே மாமியார் படுக்கை.

"உங்கள ஜெயிலுக்கு அனுப்ப எங்களுக்கு வசதியில்லப்பா" என்றாள்.

அடித்ததெல்லாம் வலிக்கவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

ஜெசிந்தா சொன்னபடி எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டேன். கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவது. என் ஓய்வூதியமும் இரண்டு வாடகையும் சேர்த்துக் கன்னியர் இல்லத்துக்கு. அங்கே சேரும்வரை அடைக்கலமேரி மும்தாஜோடு மாடியில். வங்கியில் ஜெசிந்தா பெயரையும் சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். எஸ்.ஐ. என் வாக்குமூலத்தை எழுதி வாங்கி வழக்காக்காமல் மனு என்று மட்டும் பதிந்துவைத்திருக்கிறார். இல்லத்துக்குப் பணம் ஒரு மாதம் நின்றாலும் அதை வழக்காக எடுப்பேன் என்று ஜெசிந்தா முன்னால் வைத்தே சொன்னார்.

பழனி சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை கிடைத்திருக்கிறது. தங்க ஓர் அறை. பந்தியில் மிஞ்சினால் சாப்பாடு. நாளை மறுநாள் சேர வேண்டும்.

ஆகஸ்ட் 27, புதன்

கீழ்த்தளத்துக்கு ஆள் வந்துவிட்டார்கள். கணவன், மனைவி, கைக்குழந்தை. கணவன் கதவைக் கொஞ்சம் வேகமாகச் சாத்தினான். அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

அடைக்கலமேரியைச் சேர்த்தாயிற்று. அவளும் ஜெசிந்தாவும் மும்தாஜும் காரில் போனார்கள். நான் பஸ்ஸில் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது அவளை உள்ளே அழைத்துப்போயிருந்தார்கள்.

அலுவலக அறையில் வயதான கன்னியர் ஒருவர் படிவத்தை வைத்துக்கொண்டு கேட்கக் கேட்க ஜெசிந்தா சொன்னாள். என்ன சாப்பிடுவார்கள், எத்தனை மணிக்குத் தூங்குவார்கள், முறிந்த கை எப்போது ஆறும். எதைக் கண்டால் பயப்படுவார்கள் என்று ஒரு கேள்வி இருந்தது. ஜெசிந்தா நிறுத்திவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். யாராவது கையைத் தலைக்கு மேலே தூக்கினால் பயப்படுவாள், சீப்பைப் பக்கவாட்டில் கொண்டுபோக வேண்டும் என்று நான் சொன்னேன். கன்னியர் அப்படியே எழுதிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தை நாங்களே நிரப்ப வேண்டும். கட்டணத்துக்குப் பொறுப்பாளர் என்கிற இடத்தில் என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே, நோயாளியைப் பார்க்க அனுமதிக்கக் கூடாத உறவினர் யாரேனும் இருந்தால் குறிப்பிடவும் என்று இருந்தது. ஜெசிந்தா பேனாவைக் கேட்டுக் கையை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. பொ. சூசைமாணிக்கம், த/பெ. பொன்னுசாமி, ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர், கணவர் என்று நானே எழுதினேன். வேறு யாரோ என்று பின்னால் குழப்பம் வரக் கூடாது.

கன்னியர் படிவத்தை வாங்கிப் படித்தார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை பார்த்தார்.

"ரெண்டு எடத்துலயும் ஒரே பேரா இருக்கே?"

"ஆமா சிஸ்டர். ரெண்டும் நான்தான்."